லிஸ்பனிலிருந்து ஹெல்சிங்கிக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? நீங்களே கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

ஹெல்சிங்கியில் முதுகலை படிக்கும் என் அக்கா மகன், டிசம்பர் விடுமுறைக்கு லிஸ்பன் போக டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். வீடியோ காலில் திரையைக் காட்டி, "மாமா, சாயங்காலம் 4 மணிக்குக் கிளம்புது, 6.55-க்கு அங்க போய்ச் சேருது. மூணு மணி நேரம்கூட இல்ல. பக்கம்தான் போல" என்றான்.

"பக்கம் இல்லடா. ஐரோப்பாவோட வடகிழக்கு மூலையிலருந்து தென்மேற்கு மூலைக்குப் போற. கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம் உட்கார்ந்திருக்கணும்" என்றேன்.

அவனுக்கு வந்த குழப்பம் பலருக்கும் வருவதுதான். இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் 3,365 என்கிறது, இன்னொரு பக்கம் 4,300 என்கிறது. நேரமும் அப்படித்தான்: ஒன்று 4 மணி 5 நிமிடம் என்கிறது, டிக்கெட்டோ 4 மணி 55 நிமிடம் என்கிறது. இவற்றில் எதுவும் தப்பில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்கான விடை. எந்த எண் எந்தக் கேள்விக்கு உரியது என்று தெரிந்துகொண்டால், ஐரோப்பாவின் எந்த இரண்டு ஊர்களுக்கும் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். லிஸ்பன்–ஹெல்சிங்கியை வைத்தே படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: எந்தத் தூரம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

வான்வழித் தூரம் என்பது பூமியின் உருண்டை மேல் இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய பாதை. இதைப் பெருவட்டத் தூரம் என்பார்கள். லிஸ்பன் விமான நிலையத்துக்கும் ஹெல்சிங்கி விமான நிலையத்துக்கும் இது சுமார் 3,365 கி.மீ. இந்தியாவின் வடக்கு–தெற்கு நீளம் 3,214 கி.மீ. என்று பள்ளியில் படித்திருக்கிறோம் அல்லவா, அதைவிடக் கொஞ்சம் கூடுதல். சென்னை–டெல்லி போல இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு.

சாலைத் தூரம் வேறு. ஸ்பெயின், பிரான்ஸ், ஜெர்மனி, போலந்து, பால்டிக் நாடுகள் வழியாக எஸ்டோனியாவின் தாலின் வரை ஓட்டிப் போய், அங்கிருந்து பின்லாந்து வளைகுடாவைக் கப்பலில் கடக்க வேண்டும். அந்தக் கடல் பகுதி மட்டும் 80 கி.மீ., இரண்டு மணி நேரம். மொத்தம் 4,300 கி.மீ.க்குக் குறையாது. 4,300 என்று காட்டும் பக்கம் சொல்வது இதைத்தான்.

ரயிலில் ஒரே மூச்சில் போக வழியே இல்லை. போர்ச்சுகல், ஸ்பெயின் நாடுகளின் பழைய தண்டவாள அகலம் 1,668 மி.மீ., பிரான்ஸ் முதல் போலந்து வரை 1,435 மி.மீ., பின்லாந்தில் 1,524 மி.மீ. லிஸ்பனிலிருந்து பிரெஞ்சு எல்லைக்குப் போய்க்கொண்டிருந்த இரவு ரயிலும் 2020 மார்ச்சில் நின்றுபோனது. ஆகவே இனி விமானத்தைப் பற்றியே பேசுவோம்.

படி 2: நூலை வைத்து அளந்து பாருங்கள்

கணக்குக்குப் போகும் முன், வீட்டில் குழந்தைகளின் பூகோள உருண்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் 1 செ.மீ. என்பது ஏறக்குறைய 425 கி.மீ. தையல் நூலின் ஒரு முனையை லிஸ்பன் மேல் கட்டை விரலால் அழுத்திப் பிடித்து, மறு முனையை ஹெல்சிங்கி வரை தொய்வில்லாமல் இழுங்கள். இழுத்த நூல் தானாகவே மிகக் குறுகிய பாதையில் படிந்துகொள்ளும். அதை எடுத்து ஸ்கேலில் வையுங்கள். 8 செ.மீ.க்கு ஒரு மயிரிழை குறைவாக வரும். 7.9 × 425 என்றால் சுமார் 3,360. ஒரு நூல் கொடுக்கும் விடை இவ்வளவு துல்லியமாக இருப்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது.

நூல் எந்த ஊர்களின் மேல் கிடக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஸ்பெயினின் வடமேற்கைத் தாண்டி பிஸ்கே வளைகுடாவின் மேல் போகிறது. பிரான்ஸின் மேற்குப் பகுதியில் ஏறி, பாரிஸை வலப்பக்கம் விட்டுவிட்டு, பெல்ஜியத்தில் நுழைகிறது. பாதையின் நட்டநடுப் புள்ளி பிரஸ்ஸல்ஸிலிருந்து முப்பது கி.மீ.க்குள் விழுகிறது. அப்புறம் நெதர்லாந்து, வட ஜெர்மனி, கோபன்ஹேகனுக்குப் பக்கத்தில் கடலைக் கடந்து ஸ்வீடனின் தென்பகுதி, பால்டிக் கடல், ஹெல்சிங்கி.

தட்டையான உலக வரைபடத்தில் இரண்டு ஊர்களையும் ஸ்கேல் வைத்து இணைத்தால் கோடு இதைவிடத் தெற்கே விழும். அந்தக் கோட்டின் வழியே திசை மாறாமல் பறந்தால் சுமார் 3,393 கி.மீ. ஆகும், அதாவது 28 கி.மீ.தான் கூடுதல். வடதுருவம் வழியாகப் போகும் பாதைகளில் இந்த வித்தியாசம் ஆயிரக்கணக்கில் வரும். ஐரோப்பாவுக்குள் அது ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. சிறு கண்டத்துக்குள் பயணம் செய்பவர் தட்டை வரைபடத்தை நினைத்து ரொம்பக் கவலைப்பட வேண்டாம்.

படி 3: கைப்பேசிக் கால்குலேட்டரில் கணக்கிடுங்கள்

சரி, இப்போது சரியான கணக்கு. தேவையானவை இரண்டு இடங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் மட்டுமே. வரைபடச் செயலியில் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டும் தெரியும்.

லிஸ்பன்: வடக்கு 38.77, மேற்கு 9.13.
ஹெல்சிங்கி: வடக்கு 60.32, கிழக்கு 24.96.

முதலில் தீர்க்கரேகை வித்தியாசம். லிஸ்பன் கிரீன்விச்சுக்கு மேற்கே இருக்கிறது, ஹெல்சிங்கி கிழக்கே இருக்கிறது. எதிரெதிர்ப் பக்கம் என்பதால் கூட்ட வேண்டும்: 9.13 + 24.96 = 34.09 டிகிரி. பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான். இரண்டு ஊர்களும் ஒரே பக்கம் இருந்தால்தான் கழிக்க வேண்டும்.

அடுத்து, இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள். சைன் 38.77 × சைன் 60.32 = 0.54404.

பிறகு இரண்டு அட்சரேகைகளின் காஸ் மதிப்புகளையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் காஸ் மதிப்பையும் சேர்த்துப் பெருக்குங்கள். காஸ் 38.77 × காஸ் 60.32 × காஸ் 34.09 = 0.31972.

இரண்டையும் கூட்டினால் 0.86376. இந்த எண்ணுக்கு உரிய கோணத்தைத் தலைகீழ் காஸ் (cos⁻¹) பொத்தானால் எடுங்கள். 30.26 டிகிரி வரும். பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் இரண்டு ஊர்களுக்கும் நடுவே உள்ள கோணம் இது. பெருவட்டத்தில் ஒரு டிகிரி 111.2 கி.மீ. என்பதால், 30.26 × 111.2 = 3,365 கி.மீ.

கடல் மைலில் வேண்டுமென்றால் இன்னும் சுலபம். ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல், ஆக சுமார் 1,815. விமானிகளும் மாலுமிகளும் கடல் மைலை விடாமல் வைத்திருப்பதற்கு இந்த எளிமையே காரணம்.

கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா என்று தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். ரேடியனில் இருந்தால் விடை எங்கேயோ போய்விடும். பூமி கச்சிதமான உருண்டை அல்ல, துருவங்களில் கொஞ்சம் தட்டை. அதனால் இந்த விடையில் அரை சதவீதம் வரை பிசகலாம். பயணத் திட்டத்துக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

படி 4: தூரத்தை நேரமாக்குங்கள்

இந்தப் பாதையில் ஓடுவது பெரும்பாலும் ஏர்பஸ் ஏ320 குடும்பத்து விமானங்கள். உயரத்தில் அவை மணிக்கு ஏறக்குறைய 830 கி.மீ. வேகத்தில் பறக்கும். 3,365-ஐ 830-ஆல் வகுத்தால் 4 மணி 3 நிமிடம். இணையத்தில் 4 மணிச் சொச்சம் என்று போடும் பக்கங்கள் இந்த வகுத்தலோடு நின்றுவிடுகின்றன. உண்மையான நேரத்துக்கு இன்னும் மூன்று விஷயங்களைச் சேர்க்க வேண்டும்.

முதலாவது, விமானம் நூல் பாதையில் அப்படியே போவதில்லை. புறப்படும்போது ஓடுபாதையின் திசையில் ஏறி வளைய வேண்டும், நெரிசலான வான்பகுதிகளைச் சுற்ற வேண்டும், ராணுவப் பயிற்சி நடக்கும் இடங்களை ஒதுக்க வேண்டும், இறங்கும்போது வரிசையில் சேர வேண்டும். ஐரோப்பாவுக்குள் இதற்கு 3 சதவீதம் கூட்டிக்கொள்வது நல்ல வழக்கம். 3,365 இப்போது சுமார் 3,465 ஆகிறது. அதற்கு 4 மணி 10 நிமிடம்.

இரண்டாவது, தரையில் கழியும் நேரமும், ஏறி இறங்கும்போது வேகம் குறைவாக இருக்கும் நேரமும். டிக்கெட்டில் அச்சாகும் நேரம் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும் நேரம் அல்ல. வாயிலை விட்டு விமானம் நகர்வதிலிருந்து மறு ஊரில் வாயிலில் வந்து நிற்கும் வரை உள்ள நேரம் அது. இதற்கு அரை மணி சேருங்கள். இப்போது 4 மணி 40 நிமிடம்.

மூன்றாவது, காற்று. ஐரோப்பாவின் மேல் 10, 11 கி.மீ. உயரத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது, குளிர்காலத்தில் இன்னும் வேகமாக. லிஸ்பனிலிருந்து ஹெல்சிங்கி போகும்போது அது பின்னாலிருந்து தள்ளும், திரும்பும்போது எதிரே நிற்கும். பாதை வடகிழக்காகச் சாய்ந்திருப்பதால் காற்றின் முழு வலிமையும் கிடைக்காது. சராசரியாக மணிக்கு 50 கி.மீ. கூடும் அல்லது குறையும் என்று வைத்துக்கொள்வோம். போகும்போது 880 கி.மீ. வேகம்: 3,465 கி.மீ.க்கு 3 மணி 56 நிமிடம், அரை மணி சேர்த்தால் 4 மணி 26 நிமிடம். வரும்போது 780 கி.மீ. வேகம்: 4 மணி 27 நிமிடம், அரை மணி சேர்த்தால் 4 மணி 57 நிமிடம்.

அக்கா மகனின் டிக்கெட் 4 மணி 55 நிமிடம் என்றது. நாம் கையால் போட்ட கணக்குக்கும் அதற்கும் இரண்டு நிமிடம்தான் வித்தியாசம்.

இந்த நான்கு கூறுகளையும் மனதில் வைத்துக்கொண்டால் வேறு ஊர்களுக்கும் இதையே செய்யலாம். தூரத்தோடு 3 சதவீதம், 830-ஆல் வகுத்தல், அரை மணி சேர்த்தல், கிழக்கே போனால் கால் மணி குறைத்தல், மேற்கே போனால் கால் மணி கூட்டல். அந்தக் கால் மணி நான்கைந்து மணி நேரப் பயணத்துக்கானது. பாதை குறுகினால் அதுவும் குறையும். வடக்கு–தெற்காக நேரே போகும் பாதைக்குக் காற்றுக் கணக்கை விட்டுவிடலாம்.

படி 5: கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்

மூன்று மணி நேரம் என்று அவன் ஏமாந்தது இங்கேதான். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம், சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். பின்லாந்து போர்ச்சுகலைவிட 2 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஹெல்சிங்கியில் 4 மணிக்குக் கிளம்பி லிஸ்பனில் 6.55-க்குச் சேரும்போது ஹெல்சிங்கியில் மணி 8.55. எதிர்த்திசையில், லிஸ்பனில் காலை 10 மணிக்குக் கிளம்பி நாலரை மணி நேரம் பறந்தால் ஹெல்சிங்கியில் மாலை 4.30. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் ஆறரை மணி நேரம் போலத் தோன்றும்.

கோடை நேரம், குளிர்கால நேரம் குழப்புமோ என்ற பயம் வேண்டாம். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாம் ஒரே நொடியில் கடிகாரத்தை மாற்றுகின்றன. அதனால் இந்த 2 மணி நேர வித்தியாசம் ஆண்டு முழுக்க மாறாது. ஊருக்குப் போன் செய்பவர்களுக்குத்தான் மாறும். குளிர்காலத்தில் நம் நேரம் ஹெல்சிங்கியைவிட மூன்றரை மணியும் லிஸ்பனைவிட ஐந்தரை மணியும் முன்னால் இருக்கும். கோடையில் இரண்டிலும் ஒரு மணி குறையும்.

பக்கத்திலுள்ள ஸ்பெயின் ஏன் போர்ச்சுகலைவிட ஒரு மணி முன்னால் இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். 1992-இல் போர்ச்சுகலும் மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாறிப் பார்த்தது. குளிர்காலத்தில் பிள்ளைகள் இருட்டிலேயே பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. 1996-இல் பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டது.

படி 6: நேர் விமானமா, மாறிப் போவதா?

தூரத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு ஃபிராங்க்ஃபர்ட் நல்ல உதாரணம். ஹெல்சிங்கி–ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 1,537 கி.மீ., ஃபிராங்க்ஃபர்ட்–லிஸ்பன் சுமார் 1,873 கி.மீ. இரண்டும் சேர்ந்து 3,410. நேர்ப் பாதையைவிட 45 கி.மீ.தான் அதிகம், ஏனென்றால் அந்த ஊர் பாதைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் நேரம்? இன்னொரு முறை இறங்கி, ஏறி, தரையில் ஊர்ந்து, நடுவே ஒன்றரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். ஐந்து மணி நேரப் பயணம் ஏழு மணி நேரத்தைத் தாண்டிவிடும். வானத்தில் 45 கி.மீ. என்பது மூன்றரை நிமிடம். மீதி எல்லாம் தரையில் கரைகிறது.

விலை குறைவு என்று இஸ்தான்புல் வழி காட்டினால் தூரம் 5,346 கி.மீ. ஆகிவிடும். அதைவிட முக்கியமானது விசா. போர்ச்சுகலும் பின்லாந்தும் ஷெங்கன் நாடுகள், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள். நேரே போனாலும் ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனாலும் வழக்கமான பாஸ்போர்ட் சோதனை இல்லை. இஸ்தான்புல் வழியோ லண்டன் வழியோ போனால் ஷெங்கனை விட்டு வெளியேறி மறுபடி நுழைகிறீர்கள். ஒரே முறை நுழையும் ஷெங்கன் விசாவில் வந்திருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு அந்த மறுநுழைவு கிடைக்காது. பணம் கட்டும் முன் விசாவில் நுழைவு எண்ணிக்கையைக் கட்டாயம் பாருங்கள்.

படி 7: தாமதமானால் இந்தத் தூரம் பணமாகும்

இதைப் பலரும் அறியாமல் விட்டுவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, விமானம் ரத்தானாலோ மிகவும் தாமதமானாலோ கிடைக்கும் இழப்பீடு தூரத்தைப் பொறுத்தது. 1,500 கி.மீ. வரை 250 யூரோ. ஒன்றியத்துக்குள் 1,500-ஐத் தாண்டும் பயணத்துக்கு 400 யூரோ. அந்தத் தூரத்தைப் பெருவட்ட முறையில்தான் அளக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது, அதாவது நாம் படி 3-இல் போட்ட அதே கணக்கு. சேருமிடத்துக்கு 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போனாலும் இந்த உரிமை உண்டு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. மோசமான வானிலை போல விமான நிறுவனத்தின் கையில் இல்லாத காரணங்களுக்கு விலக்கு உண்டு.

ஒரே பதிவில் விமானம் மாறிப் போனால் பறந்த தூரத்தை எல்லாம் கூட்டக் கூடாது, தொடங்கிய ஊருக்கும் முடிந்த ஊருக்கும் உள்ள நேர்த் தூரமே கணக்கு என்று 2017-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. ஆகவே ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனாலும் உங்கள் எண் 3,365-தான். ஊருக்கு ஊர் இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக 1,500-ஐ ஒட்டி இருக்கும் பாதைகளில்.

படி 8: வீட்டிலிருந்து வீடு வரை

ஹெல்சிங்கி விமான நிலையம் நகரின் வடக்கே வாந்தாவில் இருக்கிறது. 2015-இல் திறந்த வட்ட ரயில் பாதையில் மத்திய நிலையத்திலிருந்து அரை மணி நேரம். லிஸ்பன் விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, 2012 முதல் மெட்ரோவின் சிவப்புப் பாதை அங்கே வருகிறது. குளிர்காலத்தில் ஹெல்சிங்கியில் புறப்படும் முன் இறக்கையில் உறைந்த பனியை மருந்து தெளித்து நீக்குவார்கள். அதற்கும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள்.

அவனுக்கு நான் போட்டுக்கொடுத்த திட்டம் இது. மதியம் 1 மணிக்கு அறையை விட்டுக் கிளம்பு. 1.45-க்கு விமான நிலையம். 4 மணிக்கு விமானம். லிஸ்பன் நேரம் 6.55-க்கு இறக்கம். 8 மணிக்கு விடுதி. ஹெல்சிங்கி கடிகாரத்தில் அப்போது இரவு 10. மொத்தம் 9 மணி நேரம். அவன் உடம்புக்குத் தெரியப்போகும் எண் அதுதான்.

இன்னொன்றும் சொன்னேன்: வலப்பக்க ஜன்னல் இருக்கையாகப் பார்த்து எடு. டிசம்பர் கடைசியில் ஹெல்சிங்கியில் மூணே கால் மணிக்கே சூரியன் மறைந்துவிடும். ஆனால் அந்த விமானம் தென்மேற்காகப் பறக்கிறது. மறைந்த சூரியனைத் துரத்திக்கொண்டே போகும் பாதை அது. தரையில் ஒவ்வொரு ஊராக இருட்டிக்கொண்டு வர, மேலே அந்தி வெளிச்சம் உன்னோடு கூடவே வரும்.

இறங்கியதும் ஒரு படம் அனுப்பியிருந்தான். ஜன்னல் ஓரத்தில் பனிப் பூக்கள், அதற்கு அப்பால் கருநீல வானத்தின் அடியில் ஒரு சிவப்புக் கோடு. ஹெல்சிங்கி நேரம் 6.25-க்கு, பாதையின் பாதியில், பிரஸ்ஸல்ஸுக்குப் பக்கத்தில் எடுத்தது. கீழே, "மாமா, ரெண்டரை மணி நேரமா இந்தச் செவப்பு போகவே இல்ல" என்று எழுதியிருந்தான்.